சோஜி லா கணவாயும் நம் தம்பிகளும்



புவியியல் பாடத்தில் மலைகளைப் படிக்கும்போது சிகரங்களின் பெயர்களையும் உயரங்களையும் மனப்பாடம் செய்கிறோம். எவரெஸ்ட் எவ்வளவு, ஆனைமுடி எவ்வளவு, தொட்டபெட்டா எவ்வளவு என்று கேட்டால் விடை உடனே வந்துவிடும். மலைகளின் தாழ்ந்த இடங்களைப் பற்றிக் கேட்டாலோ பலரும் விழிப்போம். ஆனால் வணிகரும் படைகளும் யாத்திரிகரும் மலைத்தொடர்களைக் கடந்தது அந்தத் தாழ்ந்த இடங்களின் வழியாகத்தான். அவற்றையே கணவாய் என்கிறோம். இமயத்தில் உள்ள அத்தகைய கணவாய் ஒன்றின் வரலாற்றையும், அதில் தென்னாட்டு வீரர்களுக்கு உள்ள பங்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

கணவாய் என்பது யாது?

இரு மலைகளுக்கு இடையே மக்கள் கடந்து செல்லத்தக்கதாக இயற்கை விட்டுவைத்த வழியே கணவாய். நமக்கு மிகவும் பழக்கமானது பாலக்காட்டுக் கணவாய். திருச்சியிலிருந்து ஈரோடு, கோயம்புத்தூர் வழியாகக் கேரளம் செல்லும் இரயிலில் ஏறியவர்கள் அதைக் கடந்திருப்பார்கள்; ஆனால் கடந்ததை உணர்ந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளியில் இரயில் மூச்சு வாங்காமல் ஓடிவிடுகிறது. அதன் வழியே காற்றும் மழையும் வணிகமும் இரு நாடுகளுக்கும் பொதுவாயின.

இமயத்தின் கணவாய்கள் இப்படிப்பட்டவை அல்ல. அங்கே “தாழ்ந்த இடம்” என்பதே நம் நாட்டு மலைச் சிகரங்களைவிட உயரமானது. காஷ்மீரப் பள்ளத்தாக்கையும் லடாக்கையும் இணைக்கும் சோஜி லா கணவாய் கடல் மட்டத்திலிருந்து 3,528 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் மலைக்கோட்டையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக 43 மலைக்கோட்டைகளை அடுக்கினால்தான் சோஜி லாவின் உயரத்தை எட்டலாம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். “லா” என்றாலே லடாக்கி, திபெத்திய மொழிகளில் கணவாய் என்றுதான் பொருள். நாது லா, ஜெலெப் லா, கார்துங் லா என்று இமயத்தின் கணவாய்கள் பலவற்றின் பெயர் இவ்வாறு முடிவதைத் தேசப்படத்தில் பார்க்கலாம். ஆகவே “சோஜி லா கணவாய்” என்பது நடு சென்டர் என்பது போலத்தான்! பழக்கம் கருதி நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இயற்கை அமைப்பு

ஸ்ரீநகரிலிருந்து சிந்து என்னும் சிற்றாற்றின் கரையோடு சென்றால் சோனமார்க் வரும். (இது நாம் அறிந்த பெரிய சிந்து நதி அன்று, ஜீலம் நதியில் கலக்கும் வேறோர் ஆறு.) அதற்கு அப்பால் அமர்நாத் யாத்திரிகர்கள் தங்கும் பால்தால். அங்கிருந்து மலை செங்குத்தாக எழுகிறது. 700 மீட்டருக்கும் மேல் ஏறினால் கணவாயின் தலைப்பை அடையலாம். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் அதல பாதாளம். ஏறி முடித்ததும் கும்ரி என்னும் திறந்த வெளி. அதன் பின் மாதாயன், திராஸ், கார்கில், பிறகு லே.

கணவாயின் இரு பக்கமும் இரு வேறு உலகங்கள். மேற்கே பைன் மரங்களும் பசும்புல்லும். கிழக்கே மரமற்ற வறண்ட மலைகள். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று தன் பனியைப் பெரும்பாலும் இந்த மலைத்தொடரிலேயே கொட்டிவிடுகிறது. அதனால் குளிர்காலத்தில் கணவாயில் பல அடி உயரத்துக்குப் பனி குவியும். பனிச்சரிவுகள் பாதையை மூடும். கிழக்கே உள்ள திராஸ், இந்தியாவில் மக்கள் குடியிருக்கும் இடங்களில் மிகக் குளிரானவற்றுள் ஒன்று.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 65 விழுக்காடுதான். ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவு குறைகிறது. நாலடி வேகமாக நடந்தால் மார்பு இரைக்கும். தண்ணீர் 100 பாகைக்குப் பதிலாக ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால், பருப்பு வேகாது! பிரஷர் குக்கரின் பயனை இயற்பியல் பாடத்தில் படித்த மாணவியர் இதன் காரணத்தை எளிதில் சொல்வார்கள். உடல் நனைந்து குளிர்காற்றில் நின்றால் விரல்களில் இரத்த ஓட்டம் நின்று, சதை உறைந்து, விரலையே இழக்க நேரிடும்.

இத்தகைய இடத்துக்காக மனிதர் ஏன் போரிட வேண்டும்? புல்லும் விளையாத அந்த மண்ணில் என்ன இருக்கிறது?

திருவரங்கம் தரும் விடை

இதற்கு விடை காண நாம் இமயம் வரை போக வேண்டியதில்லை. கொள்ளிடத்தின் கரைக்குப் போனால் போதும்.

1751-ஆம் ஆண்டில் திருச்சிக் கோட்டையில் இருந்த முகமது அலியைச் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டனர். முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை நின்றனர். 1752-இல் நிலைமை மாறியது. லா என்ற பிரெஞ்சுத் தளபதி தம் படையுடன் காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கினார். சுற்றிலும் ஆறு, கோயிலைச் சுற்றிப் பெரிய மதில்கள். பாதுகாப்பான இடம் என்று எண்ணினார். ஆனால் கிளைவ் ஒரு படையுடன் கொள்ளிடத்தின் வடக்கே சமயபுரத்தில் போய் அமர்ந்துகொண்டார். புதுச்சேரியிலிருந்து உணவும் வெடிமருந்தும் வர வேண்டிய வழி அதுவே. வழி அடைபட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். சந்தா சாகிபும் உயிரிழந்தார்.

சமயபுரத்து மண்ணில் அன்று தங்கம் புதைந்திருக்கவில்லை. ஆனால் அந்த வழியைப் பிடித்தவர் கையில் தீவில் இருந்த அத்தனை பேரின் வாழ்வும் வந்துவிட்டது. கணவாயின் மதிப்பும் இத்தகையதே. அதன் மண்ணுக்காக அல்ல, அதற்கு அப்பால் வாழும் மக்களுக்காகவே கணவாய் காக்கப்படுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1948-க்கு வருவோம்.

அடைபட்ட வழி

1947 ஆகஸ்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் விடுதலை பெற்றன. அக்டோபரில் பாகிஸ்தான் பக்கமிருந்து பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் புகுந்தன. 26-ஆம் நாள் மகாராஜா ஹரி சிங் இந்தியாவுடன் இணையும் பத்திரத்தில் கையொப்பமிட்டார். போர் மூண்டது. காஷ்மீர் யாருக்கு என்று அன்று எழுந்த தகராறு இன்றளவும் தீரவில்லை.

வடக்கே கில்கித் பகுதி இந்தியாவின் கையை விட்டுப் போயிற்று. அங்கிருந்து வந்த படைகள் 1948 மே மாதத்தில் கார்கிலையும், பின்னர் திராஸையும் கைப்பற்றின. கோடையில் சோஜி லாவும் அவர்கள் வசமாயிற்று. லே நகரம் தரைவழித் தொடர்பை இழந்தது. 1752-இல் திருவரங்கத் தீவில் இருந்தவர்களின் நிலை, 1948-இல் லே மக்களின் நிலையாயிற்று.

இதற்கு முன்பே லேயைக் காக்கச் சில முயற்சிகள் நடந்திருந்தன. லாகூல் பகுதியைச் சேர்ந்த பிருதி சந்த் என்ற அதிகாரி, தாமாக முன்வந்த வீரர் சிலருடன், பிப்ரவரி மாதத்துக் கடும் பனியில் சோஜி லாவைக் கடந்து நடந்தே லேயை அடைந்திருந்தார். சோனம் நோர்பு என்ற லடாக்கியப் பொறியாளர் ஊர் மக்களின் உழைப்பைக்கொண்டு அங்கே ஒரு விமானத் தளத்தை அமைத்திருந்தார். மே 24-ஆம் நாள் விமானப்படையின் மெஹர் சிங், மேஜர் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு ஒரு டகோட்டா விமானத்தை அங்கே இறக்கினார். அவ்வளவு உயரத்தில் அத்தகைய விமானம் இறங்கியது அக்காலத்தில் வியப்புக்குரிய செயல்.

ஆனால் விமானத்தில் எவ்வளவுதான் கொண்டுபோக முடியும்? ஒரு நகரத்தையும் அதைக் காக்கும் படையையும் நீண்ட குளிர்காலம் முழுவதும் வானத்திலிருந்து ஊட்ட இயலாது. குளிர்காலத்துக்குமுன் சோஜி லாவைத் திறந்தாக வேண்டும். செப்டம்பரில் 77-ஆவது பாரசூட் பிரிகேடு தாக்கிப் பார்த்தது. பாறைப் பொந்துகளில் இயந்திரத் துப்பாக்கிகளுடன் இருந்த எதிரிகளை அசைக்க முடியவில்லை. முயற்சி தோற்றது, பல உயிர்கள் போயின.

தம்பிகள் வந்தார்கள்

அப்போதுதான் திம்மையா ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். கணவாயின்மேல் டாங்கிகளை ஏற்றுவது என்பதே அம்முடிவு. குடகு நாட்டில் பிறந்த திம்மையா பிற்காலத்தில் இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியாக உயர்ந்தவர். 1965-இல் சைப்ரஸ் தீவில் ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படைக்குத் தலைமை தாங்கியபோது மறைந்தவர்.

7-ஆவது குதிரைப்படை என்று பெயர் கொண்டிருந்தாலும் அது டாங்கிப் படையே. அதன் ஸ்டூவர்ட் டாங்கி ஒன்றின் எடை ஏறத்தாழ 15 டன். மூன்று நான்கு கோயில் யானைகளின் எடை. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் வழியாக அவற்றைக் கொண்டுவர வேண்டும். வழியில் இருந்த பாலங்கள் அந்த எடையைத் தாங்கா. ஆகவே டாங்கிகளின் மேற்கூண்டுகளைக் கழற்றித் தனியே ஏற்றி வந்தனர். ஸ்ரீநகரில் ஊரடங்கு நேரத்தில், இரவில், தார்ப்பாய் போர்த்தி இரகசியமாகக் கடத்தினர். பால்தால் வரை வந்தாயிற்று. அதற்கு மேல்?

அதற்கு மேல் இருந்தது கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடிப் பாதை. அதை டாங்கி செல்லும் பாதையாக ஆக்க வேண்டும். அந்த வேலை சென்னைப் பொறியாளர் படையிடம், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

“சாப்பர்” என்பவர் போர்க்களத்தில் அகழி வெட்டி, பாதை போட்டு, பாலம் கட்டி, கண்ணிவெடி அகற்றிப் படைக்கு வழி செய்து தருபவர். சென்னையில் 1780-இல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கப்பட்ட படை இது. பிறகு பெங்களூரு இதன் தலைமையிடமாயிற்று. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் என்று தென்னாட்டார் நிறைந்த இப்படையின் வீரர்களை இந்திய இராணுவம் முழுவதும் ஒரே பெயரால்தான் அழைக்கிறது: “தம்பி”. தமிழ் தெரியாத பஞ்சாபியரும் கூர்க்காக்களும்கூடத் “தம்பி” என்றே அழைக்கின்றனர். நம் வீடுகளில் வழங்கும் உறவுச்சொல் ஒரு படையின் பெயராகவே ஆகிவிட்டது.

மேஜர் தங்கராஜுவின் தலைமையில் 13-ஆவது, 433-ஆவது ஃபீல்டு கம்பெனிகள் அந்த மலையில் வேலை தொடங்கின. சற்று எண்ணிப் பாருங்கள். உறைபனியைக் கண்ணாலும் கண்டிராத ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள். திருச்சி கடல் மட்டத்திலிருந்து வெறும் 88 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் மார்கழிக் குளிருக்கே நாம் போர்வையைத் தேடுகிறோம். அவர்களோ மூச்சு முட்டும் உயரத்தில், எதிரியின் துப்பாக்கி எட்டும் இடத்தில், பாறையைப் பிளந்து மண்ணைக் கொட்டிப் பாதையை அகலப்படுத்தினர். சில வாரங்களில் கழுதைப் பாதை வண்டிப் பாதையாயிற்று.

நவம்பர் 1

தாக்குதலுக்குக் குறித்த நாள் மோசமான வானிலையால் தள்ளிப்போனது. 1948 நவம்பர் முதல் நாள் டாங்கிகள் ஏறின. லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங் அவற்றை நடத்தினார். ஒரு டிவிஷனுக்கே தளபதியான திம்மையா, பின்னால் இருந்து உத்தரவிடாமல், தாமே முன்னணி டாங்கியில் ஏறிச் சென்றார். பிரிகேடியர் அடலின் காலாட்படை தொடர்ந்தது.

கணவாயைக் காத்திருந்தவர்கள் டாங்கிகளைச் சற்றும் எதிர்பார்க்கவில்லை. உலகப் போர் வரலாற்றில் அதுவரை அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் இயங்கியதில்லை என்பர். அன்றே கணவாய் இந்தியப் படையின் வசமாயிற்று. அதே மாதத்தில் மாதாயன், திராஸ், கார்கில் ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து மீட்கப்பட்டன. நவம்பர் 24-ஆம் நாள், லேயிலிருந்து வந்த படையும் சோஜி லாவிலிருந்து சென்ற படையும் ஒன்றையொன்று சந்தித்தன. லேக்கு வழி திறந்தது. ஐந்து வாரங்களில், 1949 ஜனவரி 1 அன்று, போர் நிறுத்தம் ஏற்பட்டது. நவம்பரில் வழி திறந்திராவிட்டால் லடாக்கின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

புத்தகங்களில் இந்த வெற்றி டாங்கிகளின் வெற்றி என்று எழுதப்படுகிறது. அது உண்மையே. ஆனால் டாங்கிக்கு முன்னால் பாதை சென்றது; பாதைக்கு முன்னால் கடப்பாரை பிடித்த கைகள் சென்றன. முன்னே சென்ற அந்தக் கைகளையும் நாம் மறக்கலாகாது.

கோட்டின் அருகே

போர் நின்ற இடத்தில் 1949-இல் ஒரு கோடு வரையப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் சிம்லா உடன்பாட்டுக்குப்பின் அதற்கு “கட்டுப்பாட்டுக் கோடு” என்று பெயர். அது இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட எல்லை அன்று. இரு படைகளும் நிற்கும் இடம். சோஜி லா அக்கோட்டின்மேல் இல்லை. ஆனால் கணவாயைக் கடந்து லேக்குச் செல்லும் நெடுஞ்சாலை திராஸ், கார்கில் பகுதிகளில் அக்கோட்டுக்கு மிக அருகே ஓடுகிறது.

1999-இல் நடந்தது அதன் விளைவே. பாகிஸ்தான் படையினர் பனிக்காலத்தில் கோட்டைக் கடந்து, சாலையை மேலிருந்து பார்க்கும் சிகரங்களைப் பிடித்துக்கொண்டனர். மீண்டும் அதே கேள்வி: லேயின் வழி யார் கையில்? சிகரம் சிகரமாக ஏறி அவர்களை வெளியேற்ற ஜூலை 26 வரை ஆயிற்று. இந்தியத் தரப்பில் 527 வீரர்கள் உயிர் நீத்தனர்.

அவர்களுள் ஒருவர் நம் திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன். பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த அவர், மே 29-ஆம் நாள் படாலிக் பகுதியில் தம் வீரர்களை முன்னின்று நடத்திச் சென்று வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 26. கடும் சண்டையின் நடுவே அவர் உடலை மீட்க ஒரு மாதத்திற்கும் மேலாயிற்று. அவர் மறைவுக்குப்பின் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. திருச்சி கன்டோன்மென்ட் பகுதியில் உள்ள அவருடைய நினைவிடத்தைக் கடந்து செல்லும்போது, அங்கே பொறித்துள்ள பெயரை ஒரு நிமிடம் நின்று படியுங்கள்.

மலையின் அந்தப் பக்கத்திலும் தாய்மார்கள் மகன்களுக்காகக் காத்திருந்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீராத தகராறு ஒன்று எத்தனை ஆண்டுகள் நீள்கிறதோ, அத்தனை ஆண்டும் அதன் விலையை இருபது முப்பது வயது இளைஞர்களே கொடுக்கிறார்கள்.

இன்றைய சோஜி லா

2019-இல் லடாக் தனி ஒன்றியப் பகுதியாயிற்று. சோஜி லா இப்போது இரண்டு ஒன்றியப் பகுதிகளின் நடுவே நிற்கிறது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஐந்தாறு மாதங்கள் சாலை மூடிக் கிடக்கும். அம்மாதங்களில் பிரசவத்துக்குத் தாயையோ, சிகிச்சைக்கு நோயாளியையோ சாலை வழியே ஸ்ரீநகருக்குக் கொண்டுபோக இயலாது. எல்லைச் சாலைகள் நிறுவனத்தார் பனியை வெட்டி அகற்றி, மூடும் காலத்தை அண்மை ஆண்டுகளில் சில வாரங்களாகக் குறைத்துள்ளனர்.

மலையைக் குடைந்து வழி அமைக்கும் பணியும் நடந்து வந்துள்ளது. கணவாய்க்கு முன்னால் சோனமார்க் அருகே 6.5 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. சோஜி லாவின் அடியில் 13 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் மற்றொரு சுரங்கப்பாதையைக் குடையும் பணி 2020-இல் தொடங்கிற்று. இதுவும் எளிதாகக் கிடைத்ததன்று. 2024 அக்டோபரில் ககன்கீர் என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளர் முகாமில் பயங்கரவாதிகள் சுட்டதில் ஒரு மருத்துவர் உட்பட ஏழு பேர் இறந்தனர். அவர்கள் சீருடை அணிந்தவர்கள் அல்லர். பிழைப்புக்காக மலைக்கு வந்து, பிறருக்கு வழி அமைத்தவர்கள்.

மாணவியரே, உலகில் வழியை அடைப்பவர்களும் உண்டு, திறப்பவர்களும் உண்டு. அடைப்பதற்குப் பாறை மறைவும் ஒரு துப்பாக்கியும் போதும். திறப்பதற்கோ பலருடைய அறிவும் உழைப்பும் உறுதியும் ஒன்று சேர வேண்டும். 1948-இல் தம்பிகளின் கைகள் திறந்த வழியில் இன்று அரிசியும் மருந்தும் பள்ளிப் புத்தகங்களும் செல்கின்றன. உங்களுள் சிலர் நாளை பொறியாளராகவும் மருத்துவராகவும் இராணுவ அதிகாரியாகவும் அந்த வழியே செல்லக்கூடும். அவ்வாறு செல்லும்போது, பாதையை முதலில் வெட்டியவர்கள் நம் ஊர்ப்பக்கத்தவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. தேசப்படத்தில் ஸ்ரீநகர், சோஜி லா, திராஸ், கார்கில், லே ஆகியவற்றைக் குறித்து, அவற்றை ஒரு கோட்டால் இணைக்கவும்.

2. கணவாயின் மேற்குப் பக்கம் பசுமையாகவும் கிழக்குப் பக்கம் வறண்டும் இருப்பது ஏன்? மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கங்களோடு ஒப்பிடுக.

3. 1752-இல் சமயபுரமும் 1948-இல் சோஜி லாவும் எவ்வகையில் ஒத்தவை? எவ்வகையில் வேறுபட்டவை?

4. உங்கள் தெருவிலோ உறவிலோ இராணுவத்தில் பணியாற்றியவர் இருந்தால், அவர் பணிபுரிந்த மிக உயர்ந்த இடம் எது, அங்கே என்ன உண்டார், எப்படிக் குளிரைத் தாங்கினார் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதுக.